ஃபார்முலா 1 அணி மாற்றச் செய்திகள்: எதை நம்புவது?

கேள்வி: 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதி முழுவதும் ரெட் புல் ஓட்டுநர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் மெர்சிடஸ் அணிக்குப் போகிறார் என்று படித்தோம். கடைசியில் அவர் ரெட் புல்லிலேயே இருந்துவிட்டார். இப்படி எழுதுகிறவர்கள் கற்பனையாகத்தான் எழுதுகிறார்களா? (திருச்சி வாசகர்)

பதில்: கற்பனை என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பேச்சு எழுவதற்கு உண்மையான காரணங்கள் இருந்தன. வெர்ஸ்டாப்பனின் ஒப்பந்தம் 2028 வரை இருந்தாலும், அணியின் கார் சரிவரப் போகாவிட்டால் முன்கூட்டியே விலக அதில் வழி இருக்கிறது என்று பரவலாகப் பேசப்பட்டது. மெர்சிடஸ் அணியில் ஜார்ஜ் ரசலின் ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடியவிருந்தது. புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. வெர்ஸ்டாப்பனுடன் பேச்சு நடப்பது இயல்புதான் என்று ரசலே ஜூன் மாதம் ஆஸ்திரியாவில் வெளிப்படையாகச் சொன்னார். ஜூலை 9 அன்று, 2005 முதல் ரெட் புல் அணியை நடத்திவந்த கிறிஸ்டியன் ஹார்னர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். இத்தனையும் ஒரே கோடைக்காலத்தில் நடந்தபோது, பத்திரிகையாளர்கள் எழுதாமல் இருந்திருந்தால்தான் கடமை தவறியவர்கள் ஆகியிருப்பார்கள். ஜூலை 31 அன்று ஹங்கேரியில், 2026-லும் ரெட் புல்லில்தான் ஓட்டுவேன் என்று வெர்ஸ்டாப்பன் சொன்னதும் பேச்சு முடிந்தது.

‘பேச்சு நடக்கிறது’ என்ற செய்தியும் ‘கையெழுத்தாகிவிட்டது’ என்ற செய்தியும் ஒன்றல்ல. முதலாவது உண்மையாக இருந்தும் இரண்டாவது நடக்காமல் போகலாம். நான் ஒரு செய்தியைப் படிக்கும்போது, காலியாகப் போகும் இருக்கை எது, யாருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது, இது வெளியாவதால் யாருக்கு ஆதாயம் என்ற மூன்றையும் பார்க்கிறேன். மூன்றாவதை வாசகர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. சம்பளத்தை உயர்த்தப் பேசிக்கொண்டிருக்கும் ஓட்டுநருக்கு, வேறோர் அணி தன்னை விரும்புகிறது என்ற செய்தி நல்ல ஆயுதம்.

கேள்வி: கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கும்போதே ஓட்டுநர்கள் எப்படி அணி மாறுகிறார்கள்? ஒப்பந்தத்துக்கு மதிப்பே இல்லையா? (திருநெல்வேலி வாசகி)

பதில்: மதிப்பு உண்டு. ஆனால் ஒப்பந்தத்தின் ஆண்டுக்கணக்கை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். லூயிஸ் ஹாமில்டன் 2023 ஆகஸ்டில் மெர்சிடஸுடன் இரண்டு ஆண்டுகளுக்குக் கையெழுத்திட்டார். ஐந்தே மாதங்களில், 2024 பிப்ரவரி 1 அன்று, 2025 முதல் அவர் ஃபெராரிக்காக ஓட்டுவார் என்று அறிவிப்பு வந்தது. அவர் ஒப்பந்தத்தை மீறவில்லை. முதல் ஆண்டு முடிந்ததும் விலகலாம் என்று அதிலேயே இருந்த உரிமையைத்தான் பயன்படுத்தினார். அந்த ஒரு முடிவால் ஃபெராரியில் இடமிழந்த கார்லோஸ் சைன்ஸ், மார்ச் மாதத்தில் குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வாரங்களில் ஆஸ்திரேலியப் பந்தயத்தை வென்று காட்டினார். அப்படியும் ஜூலை 29 அன்றுதான் வில்லியம்ஸ் அணியில் அவருக்கு இடம் உறுதியானது. அதுவரை அவரைப் பற்றி வந்த ஊகங்களைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

மீறல் என்று குற்றம்சாட்டப்பட்ட வழக்குக்கு, ஆல்பீன் அணியின் மாற்று ஓட்டுநராக இருந்த ஆஸ்கர் பியாஸ்திரி நல்ல உதாரணம். 2022 ஜூலை 28 அன்று செபாஸ்டியன் வெட்டல் ஓய்வை அறிவித்தார். ஆகஸ்ட் 1 அன்று அவருடைய ஆஸ்டன் மார்ட்டின் இருக்கைக்கு ஆல்பீன் அணியின் ஃபெர்னாண்டோ அலோன்சோ செல்வதாகச் செய்தி வந்தது. மறுநாளே அலோன்சோவின் இடத்தில் பியாஸ்திரி ஓட்டுவார் என்று ஆல்பீன் அறிவித்தது. அந்த அறிவிப்பில் பியாஸ்திரி சொன்னதாக ஒரு வரிகூட இல்லை என்பதைக் கூர்ந்து படித்தவர்கள் உடனே கவனித்தார்கள். அன்றே அவர், தன் சம்மதமின்றி இது வெளியிடப்பட்டது, அடுத்த ஆண்டு ஆல்பீனுக்காக ஓட்டப்போவதில்லை என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். இத்தகைய பூசல்களைத் தீர்க்க ஒப்பந்த அங்கீகார வாரியம் என்று ஓர் அமைப்பு உண்டு. 1991-இல் பெல்ஜியத்தில் ஜோர்டான் அணிக்காக அறிமுகமான மைக்கேல் ஷூமாக்கர், அடுத்த பந்தயத்திலேயே பெனட்டன் காரில் அமர்ந்த குழப்பத்துக்குப் பிறகு உருவானது அது. பியாஸ்திரியுடன் செல்லுபடியாகும் ஒப்பந்தம், அவரை எடுக்க முயன்ற மெக்லாரன் அணியிடம்தான் இருக்கிறது என்று அந்த வாரியம் 2022 செப்டம்பர் 2 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆகவே ஓர் அணியின் அதிகாரபூர்வ அறிவிப்பே ஆனாலும், அதில் ஓட்டுநரின் குரல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

கேள்வி: பொறியாளர்கள் அணி மாறுவதும் இப்போது பெரிய செய்தியாகிறதே, ஏன்? அறிவித்த பிறகும் பல மாதங்கள் அவர்கள் வேலையில் சேர்வதில்லையே? (கோவை வாசகர்)

பதில்: காரை வடிவமைக்கும் மூளை ஓட்டுநரைவிடப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கலாம் என்பதால்தான். என் கருத்தில் ஓட்டுநர் செய்திகளைவிட இவற்றையே அதிகம் கவனிக்க வேண்டும். 2006 முதல் ரெட் புல்லில் இருந்த ஏட்ரியன் நியூவியின் விலகல் 2024 மே 1 அன்று அறிவிக்கப்பட்டது. ஆஸ்டன் மார்ட்டின் அவரை எடுத்திருப்பதாகச் செப்டம்பர் 10 அன்று சொன்னது. அவர் அங்கே வேலையைத் தொடங்கியதோ 2025 மார்ச்சில். பழைய அணியின் புதிய கார் பற்றிய அறிவு ஆறிப்போகும்வரை, சம்பளம் கொடுத்து வீட்டில் உட்காரவைக்கும் இந்த ஏற்பாட்டைக் ‘கார்டனிங் லீவ்’ என்கிறார்கள். ரெட் புல்லில் இருந்து ராப் மார்ஷல் மெக்லாரனுக்குச் செல்வது 2023 மே மாதமே தெரிந்துவிட்டது; அவர் சேர்ந்தது 2024 ஜனவரி 1 அன்று.

அணிகள் இவ்வளவு அஞ்சுவதற்குப் பின்னால் ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. 2007-இல் ஃபெராரியின் 780 பக்கத் தொழில்நுட்ப ஆவணம் மெக்லாரனின் மூத்த வடிவமைப்பாளரிடம் சிக்கியது. அது நகலெடுக்கக் கொடுக்கப்பட்ட கடையில் இருந்த ஊழியர் ஃபெராரிக்குத் தகவல் சொன்னதால் விஷயம் வெளியே வந்தது. மெக்லாரனுக்கு 10 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது; அந்த ஆண்டின் அணிகளுக்கான சாம்பியன்ஷிப் புள்ளிகள் அனைத்தும் பறிக்கப்பட்டன. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 2021-இல் அணிகளின் ஆண்டுச் செலவுக்கு வரம்பு வந்தபோது, ஓட்டுநர் சம்பளமும் அதிகம் சம்பளம் பெறும் மூன்று பேரின் சம்பளமும் அந்த வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டன. எல்லாப் பொறியாளர்களுக்கும் வாரிக் கொடுக்க முடியாது, ஒருசிலருக்கு மட்டும் முடியும் என்பதால் அந்த ஒருசிலருக்கான போட்டி கடுமையாகிவிட்டது.

கேள்வி: பருவத்தின் நடுவிலேயே ஓட்டுநரை மாற்றுவது நியாயமா? நம் நாராயண் கார்த்திகேயனுக்கு நடந்தது நினைவிருக்கிறதா? (சென்னை வாசகர்)

பதில்: நன்றாக நினைவிருக்கிறது. 2011-இல் எச்.ஆர்.டி. அணியில் ஓட்டிக்கொண்டிருந்த அவருடைய இருக்கை, பிரிட்டிஷ் பந்தயம் முதல் ரெட் புல்லின் ஆதரவு பெற்ற இளம் டேனியல் ரிக்கார்டோவுக்குப் போனது. திறமை மட்டுமே அளவுகோல் என்று சொல்லும் விளையாட்டில் அது நியாயமான முடிவாக எனக்குப் படவில்லை. ஆனால் பணத் தட்டுப்பாட்டில் இருக்கும் சிறிய அணிகள் பணத்தைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று புத்த சர்வதேசத் தடத்தில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீக்காக மட்டும் கார்த்திகேயன் திரும்ப அழைக்கப்பட்டார். அதில் ரிக்கார்டோவுக்கு முன்னால், 17-ஆவதாக முடித்தார்.