வளராத கூந்தலா, உடைகிற கூந்தலா?

கேள்வி: எனக்கு வயது 36. திண்டுக்கல் அருகே ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கல்யாணத்தின்போது இடுப்பைத் தொட்ட கூந்தல் இப்போது தோளைத் தாண்டுவதே இல்லை. நான்கு ஆண்டுகளாக இதே நீளம்தான். சீவினால் துண்டு துண்டாக முடி வருகிறது. வகிடும் அகலமாகத் தெரிகிறது. இந்த நான்கு ஆண்டுகளில் மூன்று முறை ஸ்ட்ரெய்ட்டனிங் செய்திருக்கிறேன். வீட்டில் போர்வெல் உப்புத் தண்ணீர். ஆறு மாதமாக பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறேன், பலன் இல்லை. பழனியில் மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்கிறார் மாமியார். மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. மாதவிடாய் மட்டும் எட்டு நாள் வரை போகும், அது எப்போதும் அப்படித்தான். மாடிப்படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. என் முடி இனி வளரவே வளராதா, டாக்டர்?

பதில்: வளரும். இப்போதும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. நரைக்குச் சாயம் பூசுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பூசிய நாலைந்து வாரத்தில் வகிட்டோரம் ஒரு விரல்நக அகலத்துக்கு வெள்ளை எட்டிப்பார்க்கும். நீங்களும் ஸ்ட்ரெய்ட்டனிங் செய்த சில மாதங்களில், வேர்ப்பக்கம் உங்கள் பழைய நெளிவு திரும்பி வந்ததைக் கவனித்திருப்பீர்கள். அது புது முடி. இந்த நான்கு ஆண்டுகளில் உங்கள் தலை நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் முடியை வளர்த்திருக்கிறது. மேலே வளர்ந்த அளவுக்குக் கீழே உடைந்துபோனதால் நீளம் கூடவில்லை.

எனவே முதலில் தெரிய வேண்டியது, முடி வேரோடு உதிர்கிறதா, நடுவில் ஒடிகிறதா என்பது. இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் தலையைக் குனிந்து சீவுங்கள். விழுந்த முடிகளில் ஒரு இருபதை எடுத்து ஒவ்வொன்றின் இரு முனைகளையும் பாருங்கள். வேரோடு வந்த முடியின் ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சிறிய வெள்ளைக் குமிழ் இருக்கும். அது ஆயுள் முடிந்து தானாக விழுந்த முடி. ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு வரை அப்படி விழுவது இயல்புதான். வாரம் இரண்டு முறை தலைக்குக் குளிப்பவர்களுக்கு மூன்று நாள் முடி சேர்ந்து வடிகட்டியில் அடைத்துக்கொள்வதால் பயமாக இருக்கும். குமிழ் இல்லாமல், குட்டையும் நெட்டையுமாக, முனை பிசிறிட்டு இருந்தால் அது ஒடிந்த முடி. உங்கள் கடிதத்தைப் படித்தவரை உங்களுக்கு இரண்டும் கலந்திருக்கிறது.

ஒடிவதை முதலில் எடுத்துக்கொள்வோம். முடியின் மேல்பகுதி மீன் செதில்போல ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த மெல்லிய தகடுகளால் ஆனது. ஒரு முடியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து வேரிலிருந்து நுனிக்கு உருவினால் வழுக்கிக்கொண்டு போகும். நுனியிலிருந்து வேருக்கு உருவினால் சரசரக்கும். அந்தச் செதில்கள்தான் கவசம். வெயில், சீப்பு, ரப்பர் பேண்ட், சூடு எல்லாம் ஆண்டுக்கணக்கில் அதைத் தேய்க்கின்றன. தோள் வரை இருக்கும் முடியின் நுனிக்கு வயது ஏறக்குறைய மூன்று. நீங்கள் செய்த ஸ்ட்ரெய்ட்டனிங்கில் பெரும்பாலானவற்றை அந்த நுனி வாங்கியிருக்கிறது.

ஸ்ட்ரெய்ட்டனிங் என்பது மேல்பூச்சு அன்று. முடிக்குள் இருக்கும் கெராட்டின் புரதத்தை வலுவாகப் பிணைத்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். ரசாயனத்தால் அவற்றை உடைத்து, முடியை நேராக்கி, மறுபடி பிணைக்கிறார்கள். உடைந்தவை எல்லாம் மறுபடி சேருவதில்லை. அதன்மேல் 200 டிகிரி தொடும் இஸ்திரிக் கருவியை வைக்கிறார்கள். முடியில் ஈரம் மிச்சமிருந்தால் உள்ளேயே நீர் கொதித்துக் குமிழி உண்டாகி, அந்த இடத்தில் முடி பொள்ளலாகிவிடுகிறது. இப்படிப்பட்ட தலைகளில் நான் அடிக்கடி பார்ப்பது முடியின் நடுவில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். பொடுகு என்று சிலர் ஷாம்பு மாற்றுவார்கள். ஈர் என்று சிலர் ஈர்கொல்லியால் வாருவார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இரண்டு தூரிகைகளை முனையோடு முனை வைத்து அழுத்தியதுபோல முடி அங்கே பிரிந்து நிற்கும். அந்த இடத்தில் லேசாக இழுத்தாலே ஒடியும். ஒடிந்த முடியை ஒட்டவைக்கும் மருந்து எதுவும் கிடையாது. விளம்பரம் என்ன சொன்னாலும் இதுதான் உண்மை. பிசிறிட்ட பகுதியை நான்கு விரற்கடை வெட்டிவிடுங்கள். நீளத்துக்கு ஏங்குகிற உங்களிடம் இதைச் சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிளந்த நுனி அப்படியே இருந்தால் பிளவு மேலே ஏறும், இன்னும் அதிகம் போகும்.

ஸ்ட்ரெய்ட்டனிங், ஸ்மூத்தனிங், கெராட்டின் ட்ரீட்மென்ட் எந்தப் பெயரில் வந்தாலும் இனி வேண்டாம். ‘ஃபார்மலின் கலக்காதது, பாதுகாப்பானது’ என்று விற்கப்படுகிறவற்றில் சிலவற்றில் கிளையாக்ஸிலிக் அமிலம் இருக்கிறது. அதைத் தலையில் பூசிக்கொண்ட ஓர் இளம்பெண்ணுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். முடிக்காகச் சிறுநீரகத்தைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

இனி, நீங்கள் ‘மற்றபடி ஒன்றுமில்லை’ என்று கடைசியில் எழுதிய இரண்டு வரிகள். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தவை அவைதான். எட்டு நாள் மாதவிடாய், படி ஏறினால் மூச்சு வாங்குவது. இது ஒன்றுமில்லாத விஷயம் அல்ல, அம்மா. ஏழு நாளைத் தாண்டும் மாதவிடாய் அதிக ரத்தப்போக்கு என்றே கணக்கு. ஒரு மணி, இரண்டு மணிக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா என்று யோசித்துப் பாருங்கள். மாதாமாதம் ரத்தத்தோடு இரும்புச்சத்து வெளியேறிக்கொண்டே இருக்கிறது. உடம்பு இருக்கிற இரும்பை முதலில் உயிர் வாழத் தேவையான வேலைகளுக்குக் கொடுக்கும். முடி இல்லாவிட்டாலும் உயிர் வாழலாம் என்பதால் மயிர்க்காலின் முறை பின்னால்தான் வரும். வளர்ந்துகொண்டிருக்க வேண்டிய முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து உதிரும். இந்த இடைவெளிதான் பலரைக் குழப்புகிறது. ஆடியில் வந்த டெங்குக் காய்ச்சலுக்கு முடி ஐப்பசியில்தான் கொட்டும். பிரசவம், டைஃபாய்டு, பட்டினி கிடந்து எடை குறைப்பது எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. அதற்குள் நாம் காய்ச்சலை மறந்து, போன வாரம் மாற்றிய சோப்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. அவ்வளவு பேருக்கு இருப்பதாலேயே வீட்டில் யாரும் அதை நோயாக நினைப்பதில்லை. ‘பொம்பளைப் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்’ என்று அம்மா சொன்னதை மகளும் நம்பி, முப்பத்தாறு வயதில் படி ஏற மூச்சு வாங்குகிறாள். எனக்கு இது பெரிய வருத்தம். முடி கொட்டுகிறது என்று வராமல் இருந்திருந்தால் இந்தப் பெண்களில் பலர் ரத்தப் பரிசோதனைக்கே போயிருக்க மாட்டார்கள்.

முழு ரத்த எண்ணிக்கையோடு ஃபெரிட்டின் பரிசோதனையும் செய்யுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் குறைந்தால் ரத்தசோகை. ஆனால் ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடம்பின் இரும்புச் சேமிப்பு காலியாக இருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின். அது 15-க்குக் கீழே இருந்தால் சந்தேகமே இல்லை; 30-க்குக் கீழே இருந்தாலும், உங்களைப் போன்ற அறிகுறிகள் உள்ளவர்களுக்கு நாங்கள் மருந்து கொடுப்பது வழக்கம். இரும்பு மாத்திரை ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அளவை மருத்துவர் சொல்லட்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டால் பலருக்கு வயிற்றுத் தொந்தரவு குறைகிறது, உடம்பில் சேர்வதும் நன்றாக இருக்கிறது. எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடுங்கள். காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எதுவும் அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது வேண்டாம். மலம் கறுத்துப் போகும், பயப்படாதீர்கள். எண்ணிக்கை சரியானதும் நிறுத்திவிடாமல், சேமிப்பு நிரம்பச் சில மாதங்கள் தொடர வேண்டும்.

அதே நேரம் ரத்தம் ஏன் அதிகம் போகிறது என்று மகப்பேறு மருத்துவரிடம் பாருங்கள். கர்ப்பப்பையில் தசைக்கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் சொல்லிவிடும். ஓட்டைக் குடத்தில் ஊற்றிக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை. தைராய்டும் பார்க்க வேண்டும். தைராய்டு குறைந்தால் ரத்தப்போக்கும் அதிகமாகும், முடியும் வறண்டு உதிரும்.

தைராய்டு பார்க்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். பயோட்டினை நிறுத்துங்கள். அதிக அளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் சில பரிசோதனைக் கருவிகள் ஏமாந்து, இல்லாத தைராய்டு நோயை இருப்பதாகக் காட்டிவிடும். குறைந்தது இரண்டு மூன்று நாள் இடைவெளி வேண்டும். உங்களுக்கு அது இனி தேவையும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பயோட்டின் குறைபாடு அபூர்வம். அந்தப் பணத்துக்கு முட்டை வாங்குங்கள். முடி முழுக்கப் புரதம். காலையில் இரண்டு இட்லியோடு பள்ளிக்கு ஓடி, மதியம் எலுமிச்சைச் சாதத்தோடு முடித்துக்கொள்ளும் ஆசிரியைகளை நிறையப் பார்க்கிறேன். சுண்டல், பருப்பு, மீன், முட்டை ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்க வேண்டும்.

வகிடு அகலமாவதற்கு இரும்புக் குறைவே காரணமாக இருக்கலாம். ஆனால் அது மட்டும்தான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. பரம்பரையாக வரும் முடி மெலிவு பெண்களுக்கும் உண்டு. நெற்றி ஏறாது, வகிடு மட்டும் மெல்ல விரியும், முடி ஒவ்வொன்றும் மெலிந்துகொண்டே வரும். உங்கள் கல்யாணப் போட்டோவில் வகிட்டைப் பாருங்கள், இன்று எடுத்த போட்டோவோடு ஒப்பிடுங்கள். அம்மாவின் வகிட்டையும் பாருங்கள். அதுவாக இருந்தால் மினாக்ஸிடில் என்ற பூசும் மருந்து உதவும். மருத்துவர் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் கூடாது. முதல் சில வாரம் உதிர்வு அதிகமாகலாம். பலர் அங்கேதான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பழைய முடியைத் தள்ளிக்கொண்டு புதிது வருவதன் அடையாளம் அது. பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் மெலிவு திரும்பும்.

உப்புத் தண்ணீரை ஊரே குறை சொல்கிறது. அது மயிர்க்காலைத் தொடுவதில்லை. சுண்ணாம்புச் சத்து முடிமேல் படிந்து விறைப்பாக்கி, சிக்கு விழ வைக்கும்; சிக்கெடுக்கும்போது ஒடியும். கடைசியாக இரண்டு சொம்பு குடிநீரால் அலசினால் போதும். குளிப்பதற்கு முந்தின இரவு தேங்காய் எண்ணெய் வையுங்கள். கழுவும்போது முடியிலிருந்து புரதம் கரைவதை அது குறைக்கிறது என்று 2003-இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. அதைச் செய்தவர்கள் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்றாலும், தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கும் என்பது நம்பத்தக்க விஷயம். முடியை வளர்க்கும் சக்தி மட்டும் எந்த எண்ணெய்க்கும் இல்லை. ஈரத்தலையைத் துண்டால் அடித்துத் துவட்டாதீர்கள், ஒற்றி எடுங்கள். ஈர முடி ரப்பர்போல நீண்டு ஒடியும். காய்ந்தபின், அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து தொடங்கி மேலே சிக்கெடுங்கள். காலை அவசரத்தில் ரப்பர் பேண்டால் இறுக்கிப் போடும் கொண்டை வேண்டாம். துணி சுற்றிய பேண்டால் தளர்வாகப் பின்னுங்கள்.

மாமியார் சொன்னதைப் பற்றி. மொட்டை அடித்தபின் வரும் முடி மழுங்கிய முனையோடு வருவதால் தடித்துத் தெரிகிறது. மயிர்க்கால்களின் எண்ணிக்கை ஒன்றுகூட அதிகமாகாது. நேர்த்திக்கடன் என்றால் அது உங்களுக்கும் முருகனுக்கும் இடையிலானது, நான் குறுக்கே வரமாட்டேன். முடி அடர்த்தியாகும் என்பதற்காக என்றால் வேண்டாம். மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். அவரும் உங்கள்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்.

தலையில் ரூபாய் நாணய அளவுக்கு வழவழப்பாகச் சொட்டை விழுந்தாலோ, தோல் எரிந்து செதில் உதிர்ந்து அந்த இடம் தழும்புபோலப் பளபளத்தாலோ, முகத்தில் முடி வளர்ந்து மாதவிடாய் தள்ளிப்போனாலோ காத்திருக்க வேண்டாம். தழும்பான இடத்தில் மயிர்க்கால் செத்துவிட்டால் பிறகு எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

தோல் மருத்துவரிடம் போகும்போது அன்று எண்ணெய் வைக்காமல், சாயம் பூசாமல் போங்கள். வெள்ளைத் துணியில் விழுந்த முடியை ஒரு காகித உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அந்தக் கல்யாணப் போட்டோவையும் மறக்காமல் கொண்டு போங்கள். முதலில் மாதவிடாய் எட்டு நாள் என்று சொல்லுங்கள். முடியைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.