சின்ன ஊரில் பழைய ஒற்றுமையை மறுபடி கொண்டுவர முடியுமா?

கேள்வியைப் பார்த்தால், நீங்கள் ஏற்கெனவே ஊர்க்கூட்டம் போட்டு, ஆள் வராமல் நொந்து போயிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. முடியுங்க. ஆனால் ஒற்றுமைக்கென்று கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள். சேர்ந்து செய்தால்தான் நடக்கும் என்கிற ஒரு காரியத்துக்குக் கூப்பிடுங்கள்.

எங்களுடையது அவிநாசி பக்கம், விசைத்தறி ஓடும் ஊர். ஷிப்ட் முடிந்து வந்தால் கதவைச் சாத்திக்கொள்வோம். பக்கத்துத் தெரு மருமகளைக் கல்யாண மண்டபத்தில் பார்த்தால்தான் உண்டு. வள்ளி கும்மி வந்த பிறகுதான் அது மாறியது. மாரியம்மன் கோயில் திடலில் ஆசிரியர் வள்ளி முருகன் கதையைப் பாட, நாங்கள் வட்டமாக நின்று கைதட்டி அடிவைப்போம். ஒருத்தி வராவிட்டால் அடுத்தவளுக்கு அடி தப்பும். அதனால் வராதவர்களை வீட்டுக்கே போய்க் கூட்டிவந்தோம். அப்படிப் போனபோதுதான் ஒரு அக்காவின் மாமியார் படுத்த படுக்கையாக இருப்பதே தெரிந்தது. அப்புறம் முறை வைத்து, பயிற்சி முடியும்வரை ஒருத்தர் அந்தம்மாவுக்குத் துணை இருந்தோம்.

‘இது சாதிச் சங்க மேடைகளில் ஆடும் ஆட்டம்தானே’ என்று கேட்க வருவார்கள். சில இடங்களில் அப்படி ஆகிறது, மறுக்கவில்லை. எங்கள் திடலிலும் யார் பக்கத்தில் யார் நிற்பது என்று முதலில் முணுமுணுப்பு வந்தது. ‘உயரப்படி நில்லுங்க அம்மணி’ என்று ஆசிரியர் முடித்துவிட்டார். ‘பொம்பளைங்களுக்கு எதுக்கு’ என்பவர்களுக்கும் சொல்கிறேன்: ஆண்கள் ஆடிவந்த இந்தக் கும்மியை மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்திரப்பன் ஐயா பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

எனக்கு ஆத்திரமெல்லாம் பஸ் மேல்தான். கோவைக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் பயிற்சி பாதி முடிந்த பிறகுதான் வந்து சேருகிறார்கள். கோவையிலிருந்து எங்கள் வழியாகச் சேலம் போகும் பல பஸ்கள் ஊருக்குள் வருவதில்லை. ஏறும்போதே ‘உள்ளே போகாது’ என்று சொல்லி, பைபாஸில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். வயசுப் பிள்ளைகள் இருட்டில் சர்வீஸ் ரோட்டில் நடந்து வர வேண்டுமா? கும்மிக்கு வரும் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். பதில் இல்லை. வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு எல்லோருமாகப் போகிறோம்.