மணலுக்கு 91 மார்க்!

கேள்வி: மணவாளக்குறிச்சி கடற்கரை மணலை அரைத்து, லேசர் அடித்து, சிதறி வரும் ஒளியை வைத்துப் பொருளை அடையாளம் காட்டும் ராமன் கருவியில் வைத்துப் பார்த்தேன். சாஃப்ட்வேர் ‘சிர்க்கான், 91 சதவீதம்’ என்கிறது. மணலில் பாதி கறுப்பாக இருக்கிறதே ஐயா, அது எங்கே போயிற்று?
– எம்.எஸ்ஸி. மாணவி, நாகர்கோவில்

பதில்: மக்களே, திரையை நம்பாமல் மணலைப் பார்த்தீர்களே, அது பெரிய காரியம். அந்த 91, மணலில் சிர்க்கான் எவ்வளவு என்ற கணக்கே இல்லை. கருவி வரைந்த உங்கள் மணலின் ஒளி வரைபடம், தரவுத்தளத்தில் உள்ள சிர்க்கான் வரைபடத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்குப் போட்ட மார்க். அங்கே இருப்பவை தனித்தனிக் கனிமங்களின் வரைபடங்கள். கூட்டத்தைக் கொண்டுபோய் நிறுத்தினால், உரக்கக் கத்துகிறவன் பெயரைத்தான் அது சொல்லும். சிர்க்கான் கத்தும். உங்கள் கறுப்பு, பெரும்பாலும் இல்மனைட் என்ற கனிமம். அது லேசரை விழுங்கிவிட்டு முணுமுணுக்கும்.

அரைத்திருக்கவும் வேண்டாம். பலமான நியோடிமியம் காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மணல்மேல் ஓட்டுங்கள். இல்மனைட்டும் கார்னெட்டும் ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தை மைக்ராஸ்கோப்பில் துகள் துகளாகப் பாருங்கள். கறுப்புத் துகளுக்கு லேசரைக் குறைத்து வையுங்கள், சூட்டில் கெட்டுவிடும்.

இனி வரைபடத்தில் எழுந்து நிற்கும் கோடுகள் (எண்களெல்லாம் செ.மீ⁻¹ அலகில்). சிர்க்கானுக்கு 439, ரூட்டைலுக்கு 447, குவார்ட்ஸுக்கு 464. ரூட்டைலின் கோடு அகலமானது. மூன்றும் தோளோடு தோள் இடித்து நிற்கும். அந்த இடத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ரூட்டைல் என்றால் 612இலும் ஒன்று வேண்டும். சிர்க்கான் என்றால் 1008இல் கூர்மையாக நிற்க வேண்டும். 1008 இல்லாமல் 970 பக்கம் மட்டும் உயர்ந்திருந்தால் மோனசைட்டா என்று பாருங்கள். சிர்க்கானுக்கும் 974இல் ஒன்று இருப்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

எது எத்தனை சதவீதம் என்று தெரியவேண்டுமா? அதற்கு எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன்தான். அரைத்த தூளை அங்கே கொடுங்கள், வீணாகாது.

நானும் ஏமாந்தவன்தான். ஒருமுறை இரைச்சலாக இருக்கிறதென்று 300க்குக் கீழே உள்ளதையெல்லாம் வெட்டிவிட்டு, சாஃப்ட்வேரைத் தேடச் சொன்னேன். 1085இல் அழகான கோடு. ‘கால்சைட்’ என்று வந்தது, எழுதிக் கொடுத்தேன். அது சிப்பித் துண்டு, அரகோனைட். 1085 இரண்டுக்கும் உண்டு. கால்சைட்டின் 281, அரகோனைட்டின் 206 இரண்டும் நான் வெட்டி எறிந்த பக்கத்தில் கிடந்தன.