பழங்குடிச் சான்று வருமுன் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிடுமா?

வணக்கம். திண்டிவனம் அருகே உங்களிடம் மாலை வகுப்பில் படித்த இருளர் மாணவியின் பழங்குடிச் சான்று கோட்டாட்சியர் அலுவலகத்தில் நிலுவையில் இருப்பதாகவும், கடைசி நாள் நெருங்குவதால் பொதுப்பிரிவிலேயே சேர்த்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்பட்டு அப்படிச் செய்ய வேண்டாம். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு 1 விழுக்காடுதான். அந்தச் சிறிய உரிமையையும் அலுவலகத் தாமதத்துக்காக ஒரு குழந்தை விட்டுக்கொடுப்பது நியாயமில்லை. குமாரி மாதுரி பாட்டீல் வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளில், மாணவர் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்று அறியும் சமூகநிலை விசாரணை முடியுமுன் சேர்க்கைக்கான கடைசி நாள் வந்துவிட்டால், பெற்றோரோ மாணவரோ தரும் உறுதிமொழிப் பத்திரத்தின் பேரில், விசாரணை முடிவுக்கு உட்பட்டுத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கூறப்பட்டுள்ளது. அதை மேற்கோள் காட்டி, விண்ணப்ப ஒப்புகைச் சீட்டின் நகலையும் இணைத்து, கல்லூரி முதல்வரிடம் எழுத்துமூலம் கோருங்கள். அந்த நெறிமுறை முன்பே வழங்கப்பட்ட சான்றின் சரிபார்ப்பையொட்டி எழுந்தது என்பதால் அவர் தயங்கக்கூடும்; மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் பெற்று, அன்றே மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள்.

கோட்டாட்சியரிடம், தந்தைவழி இரத்த உறவினர் எவரேனும் முன்பே பெற்ற சான்றின் நகலைக் கொடுப்பது பெரிதும் உதவும். பெற்றோர் பள்ளிக்கே போகாத குடும்பங்களுக்கு இதைவிட வலுவான ஆவணம் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவராயின், மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்குக் கல்லூரி வழியாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். சேர்ந்தபின் முதல் பருவம் முழுவதும் அவரோடு தொடர்பில் இருங்கள். விடுதி, பேருந்துச் செலவு, ஆங்கிலப் பாடம் ஆகியவற்றில் எழும் சிக்கலை யாரிடமும் சொல்ல முடியாமல்தான் பல பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள்.