மலைத் தோட்டத்து அழகு மரங்கள்: கேள்வி பதில்

குன்னூர்: அண்ணா, எங்கள் காமெலியா இலையெல்லாம் கரி பூசியது போல் ஆகிவிட்டது. என்ன மருந்து அடிக்கலாம்?

முதலில் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். சின்னச் சின்ன ஓடு ஒட்டியது போல் இருந்தால் செதில் பூச்சி. சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவை விடும். அதில்தான் அந்தக் கரும்பூசணம் படர்கிறது. எறும்பு ஏறுகிறதா? இனிப்புக்காக அது பூச்சிக்குக் காவல் நிற்கும், தின்ன வரும் பொறிவண்டையும் விரட்டிவிடும். ஆகவே எறும்பை ஏறவிடாமல் செய்யுங்கள். அப்புறம் லிட்டருக்கு 10 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, 10 நாளுக்கு ஒருமுறை இலையின் அடியில் படும்படி மாலையில் தெளியுங்கள்.

கொடைக்கானல்: வேலியோர சைப்ரஸ் கிளை கிளையாகக் காய்கிறது. பட்டையில் பிசின் வடிகிறது.

படிக்கவே மனது கஷ்டமாக இருக்கிறது. இது பட்டையைத் தாக்கும் பூஞ்சையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உள்ளே இறங்கிய பூஞ்சையை மருந்தடித்து விரட்ட முடியாது, அதற்காகப் பணத்தைக் கரைக்காதீர்கள். மழையில்லாத நாளில், நல்ல பட்டை தெரியும் இடம் வரை தள்ளிக் கிளையை வெட்டி எரித்துவிடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைப்பது முக்கியம், இல்லையென்றால் நோயை நாமே அடுத்த கிளைக்குக் கொண்டுபோகிறோம்.

வெட்டுவாயில், பூஞ்சை புகாமல் தடுக்கும் போர்டோ பசையைப் பூசுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புக் கத்தியை நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் ஏறினால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். அன்றன்றே பூசிவிடுங்கள்.

மரத்தையே எடுக்க வேண்டி வந்தால் அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். மலைப்பகுதி மரங்களுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அனுமதி கிடைத்த பிறகுதான் கோடாலி.

கோத்தகிரி: மரப்பட்டை முழுக்கச் சாம்பல் நிறப் பாசி. சுரண்டலாமா?

வேண்டாம். அது மரப்பாசி. பட்டையின் மேல் ஒட்டி வாழ்கிறது, மரத்தை உறிஞ்சுவதில்லை. நம் மலையின் ஈரக்காற்றில் நன்றாக வளரும்.

ஊட்டி: உறைபனியில் ஜகரண்டா கன்றின் துளிர் கருகிவிட்டது. வெட்டிவிடவா?

மார்ச் வரை தொடாதீர்கள். இப்போது வெட்டினால் புதுத்துளிர் வந்து, அதுவும் அடுத்த பனியில் கருகும். நகத்தால் தண்டை லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் கன்று பிழைத்துக்கொள்ளும்.