தவறிய பாடமும் தந்தையின் பங்கும்

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ தேர்வில் உங்கள் மகள் இயற்பியலில் மட்டும் தேர்ச்சி பெறவில்லை என்றும், அவள் மனம் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக விடைத்தாள் நகல் கேட்பது முதல் கல்லூரி தேடுவது வரை எல்லாவற்றையும் நீங்களே செய்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பரிவு புரிகிறது. ஆனால், அவளுக்காக நீங்கள் சுமக்க வேண்டியது வேறு. இப்போது சுமந்துகொண்டிருப்பது வேறு.

1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 என்ற செயற்கைக்கோள் ஏவுகலம், இரண்டாம் கட்டத்தில் ஏற்பட்ட கோளாற்றால் சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஆயினும், அன்று செய்தியாளர்களை எதிர்கொண்டு தோல்விக்குப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் என்பதையும், 1980 ஜூலை 18 அன்று அடுத்த ஏவுகலம் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது செய்தியாளர்களிடம் கலாமையே பேசச் சொன்னார் என்பதையும் கலாம் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். தலைமைப் பண்புக்குச் சான்றாகவே இது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. பெற்றோருக்கும் இதில் பாடம் உண்டு என்பது என் கருத்து. ஊர்ப் பேச்சைத் தவான் தாங்கிக்கொண்டார். கோளாற்றைக் கண்டறிந்து சரிசெய்யும் வேலை கலாமிடமும் அவர் குழுவினரிடமுமே இருந்தது.

ஆகவே, உறவினர்களின் விசாரிப்புகளுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். "ஒரு பாடம் போய்விட்டது, துணைத் தேர்வு எழுதப் போகிறாள்" என்று மறைக்காமல் சொன்னால் போதும். பெற்றோர் மூடி மறைக்கும்போதுதான் பிள்ளை தன் தோல்வியைக் குற்றமாக எண்ணத் தொடங்குகிறது. விண்ணப்ப வேலைகளை அவளிடம் விட்டுவிடுங்கள். அவகாசம் சில நாள்களே என்பதை மட்டும் நினைவூட்டுங்கள். விடைத்தாள் நகல் வந்ததும் அவளே அதை ஆசிரியரிடம் எடுத்துச் செல்லட்டும். எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணில் குறைந்தது 15 பெற்று, செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து மொத்தம் 35 எடுக்க வேண்டிய பாடத்தில், எங்கே சறுக்கினாள்? கணக்குகளிலா, வருவித்தல்களிலா, நேரம் போதாமல் விட்ட ஐந்து மதிப்பெண் வினாக்களிலா? அந்த விடைத்தாளைப் புரட்டுவது கசப்பாகத்தான் இருக்கும். துன்பம் தானாக யாரையும் உறுதியாக்கிவிடுவதில்லை (அதில் நொறுங்கிப்போனவர்களையும் பார்த்திருக்கிறேன்). தன் பிழையைத் தானே பார்த்து, அடுத்து என்ன செய்வது என்பதைத் தானே தீர்மானிக்கும் பழக்கத்திலிருந்துதான் அந்த உறுதி வருகிறது.

வழிகள் அடைபடவில்லை. துணைத் தேர்வில் தேறுவோருக்குப் பொறியியல் சேர்க்கையில் துணைக் கலந்தாய்வு நடக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைக் கொண்டே பாலிடெக்னிக்கில் சேர்ந்து, மூன்றாண்டு டிப்ளமோ முடித்தபின் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் முடியும். இவற்றை அவள் முன் வையுங்கள்; எது வேண்டும் என்பதை அவள் சொல்லட்டும்.

ஒன்றில் மட்டும் காத்திருக்க வேண்டாம். அவள் உண்ணாமல், உறங்காமல் ஒடுங்கிப்போனாலோ, வாழ்வதில் பயனில்லை என்பதுபோல் பேசினாலோ, மேற்சொன்ன அனைத்தையும் ஒதுக்கிவைத்து, அவளைத் தனியே விடாமல், 104 அல்லது டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ உடனே அழையுங்கள். மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள்.

என்னை நேரில் சந்திக்க விரும்பினால், நேரம் கேட்டு அவளே தொலைபேசியில் பேசட்டும்.