பண்டைய ரோமானிய வரலாற்றை வகுப்பில் படித்த அனுபவம் எப்படி இருந்தது? அதனால் உண்மையில் பயன் உண்டா?

இளங்கலை வரலாறு படித்தபோது ஒரு பருவம் முழுவதும் பண்டைய ரோம் எங்களுக்குத் தனித்தாளாக இருந்தது. பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக உண்டு. கல்லூரியில் படித்த தாள்களில் என் வாசிப்புப் பழக்கத்தையே மாற்றியது அந்த ஒன்றுதான். ஆனால் அந்தப் பயன் பேரரசர்களின் வரிசையிலிருந்தோ போர்களின் ஆண்டுகளிலிருந்தோ கிடைக்கவில்லை. ஆட்சியாளர் ஒருவர் தம்மைப் பற்றித் தாமே எழுதிவைத்த சாசனம் ஒன்றை வரிவரியாக வாசித்ததிலிருந்துதான் கிடைத்தது. ஆகவே இந்தப் பதிலில் அதைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன்.

தொடக்க வாரங்கள் எல்லாப் பாடநூல்களிலும் உள்ள வரிசையிலேயே சென்றன. கி.மு. 753இல் நகரம் நிறுவப்பட்டதாகச் சொல்லும் மரபுக்கதை, மன்னராட்சி முடிந்து குடியரசு தோன்றியது, ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் இரண்டு ஆட்சித்தலைவர்களான கான்சல்கள், வட ஆப்பிரிக்க நகரமான கார்தேஜுடன் நடந்த மூன்று போர்கள் என்று பாடம் வேகமாக நகர்ந்தது. கி.மு. 133க்கு வந்ததும் எங்கள் பேராசிரியை வேகத்தைக் குறைத்தார். பொதுநிலத்தில் ஒருவர் 500 யூகெராவுக்கு (ரோமானிய நில அளவு) மேல் வைத்திருக்கக் கூடாது என்ற பழைய வரம்பை நடைமுறைப்படுத்தி, மிஞ்சிய நிலத்தை ஏழைக் குடிமக்களுக்குப் பகிர்ந்தளிக்க முயன்ற திபேரியஸ் கிராக்கஸ் அந்த ஆண்டில்தான் ரோம் நகரின் நடுவில் செனட்டர்களாலும் அவர்களுடைய ஆட்களாலும் அடித்துக் கொல்லப்பட்டார். அவரோடு இறந்தவர்கள் 300 பேருக்கு மேல் என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். உடல்கள் டைபர் ஆற்றில் வீசப்பட்டன. அரசியல் பூசலை ஆயுதத்தால் தீர்த்துக்கொள்ளலாம் என்ற வழக்கம் அன்று தொடங்கி, கி.மு. 88இல் தளபதி சுல்லா தம் படையோடு ரோமுக்குள்ளேயே நுழைந்ததிலும், கி.மு. 49இல் சீசர் தம் படையோடு இத்தாலியின் எல்லையான ரூபிகான் ஆற்றைக் கடந்ததிலும் வளர்ந்துகொண்டே போனதை நாங்கள் படிப்படியாகப் பார்த்தோம். குடியரசு வீழ்ந்ததற்குச் சீசர் ஒருவரையே காரணமாகக் காட்டும் பழக்கம் அந்த வகுப்போடு என்னை விட்டுப் போயிற்று.

அதன் பிறகு வந்ததுதான் நான் குறிப்பிட்ட சாசனம். ரோமின் முதல் பேரரசரும் சீசரின் தத்துப்பிள்ளையுமான அகஸ்டஸ் கி.பி. 14இல் இறந்தபோது, தாம் செய்தவற்றைத் தன்மையிடத்தில் விவரித்து 35 சிறு பகுதிகளாக எழுதிவைத்துவிட்டுப் போனார். 'ரெஸ் கெஸ்டே' என்பது அதன் பெயர். ரோமில் அவருடைய கல்லறை மண்டபத்தின் முன் வெண்கலத்தில் பொறித்து வைக்கப்பட்ட மூலம் அழிந்துவிட்டது. இன்றைய துருக்கியின் தலைநகரான அங்காராவில், ரோமுக்கும் அகஸ்டஸுக்கும் எடுக்கப்பட்ட கோயிலின் சுவர்களில் லத்தீனிலும் கிரேக்கத்திலும் வெட்டப்பட்ட படிதான் பெருமளவு எஞ்சியிருக்கிறது. பேராசிரியை அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படியெடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்துவிடலாம், அவ்வளவு சிறியது. ஆனால் நாங்கள் முதல் வாக்கியத்திலேயே ஒரு வகுப்பு நேரம் முழுவதும் நின்றுவிட்டோம்.

தமக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, தம் சொந்த முடிவில், சொந்தச் செலவில் ஒரு படையைத் திரட்டி, ஒரு கும்பலின் கொடுங்கோன்மையில் சிக்கியிருந்த குடியரசுக்கு விடுதலை பெற்றுத் தந்ததாக அகஸ்டஸ் தொடங்குகிறார். வாசித்த மாத்திரத்தில் வீரம் நிறைந்த ஒரு இளைஞர்தான் கண்முன் தோன்றுவார். பேராசிரியை எங்களிடம் கேட்ட கேள்விகள் மிக எளியவை. அப்போது அவர் என்ன பதவியில் இருந்தார்? எந்தப் பதவியிலும் இல்லை. எந்தப் பதவியும் இல்லாத ஒருவர் சொந்தப் பணத்தில் படை திரட்டச் சட்டம் இடம் கொடுத்ததா? கொடுக்கவில்லை. அந்தக் கும்பல் யாருடையது? ஆண்டனியுடையது. கி.மு. 44இல் ஆண்டனி யார்? முறைப்படி பதவியிலிருந்த கான்சல். ஆக, முறையான ஆட்சித்தலைவருக்கு எதிராகத் தனிமனிதர் ஒருவர் படை திரட்டிய செயல், எதிரியின் பெயரை விட்டுவிட்டதாலேயே, விடுதலைப் போராக மாறி நிற்கிறது.

அடுத்து, அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதிய ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் ஒரு பகுதியைத் தந்தார். அகஸ்டஸ் இறந்த பின் மக்கள் அவரைப் பற்றி என்னவெல்லாம் பேசிக்கொண்டார்கள் என்று டாசிட்டஸ் இரண்டு தரப்பாகப் பிரித்துச் சொல்லும் இடம் அது. தந்தைக்குச் செய்ய வேண்டிய கடனும் நாட்டின் நெருக்கடியுமே அவரை உள்நாட்டுப் போரில் தள்ளின என்கிறது முதல் தரப்பு. அதே படை திரட்டலை எடுத்துக்கொண்டு, ஆளும் ஆசையால் முன்னாள் வீரர்களுக்குப் பணம் இறைத்து இளைஞர் ஒருவர் தனிப்பட்ட முறையில் சேர்த்த படை அது என்கிறது மற்றத் தரப்பு. நிகழ்ச்சி ஒன்றே, வயதும் பணமும் படையும் இரண்டிலும் அவையே. எது பொய், எது மெய் என்று பிரிக்க முயன்ற எங்களிடம், இரண்டு கூற்றுகளும் எந்தெந்த உண்மைகளில் ஒத்துப்போகின்றன என்று முதலில் எழுதச் சொன்னார். வரலாற்றுச் சான்றை எப்படிக் கையாள வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

சாசனம் எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதையும் பட்டியலிட்டோம். கி.மு. 43இல் ஆண்டனி, லெபிடஸ் ஆகிய இருவரோடும் சேர்ந்து அவர் வெளியிட்ட மரணப் பட்டியலைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அந்தப் பட்டியலால் உயிரிழந்தவர்களில் ஒருவர் புகழ்பெற்ற பேச்சாளரான சிசரோ. அவருடைய தலையும் கையும், அவர் எந்த மேடையில் நின்று பேசிப் புகழ்பெற்றாரோ அதே மேடையில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவரது பெயரும் இல்லை. சீசரைக் கொன்றவர்களில் தலையாயவர்களான புரூட்டஸ், காசியஸ் ஆகியோரின் பெயர்களும் இல்லை; அவர்கள் வெறுமனே 'என் தந்தையைக் கொன்றவர்கள்' ஆகிறார்கள். கப்பற்படையோடு சிசிலித் தீவைக் கையில் வைத்திருந்த செக்ஸ்டஸ் பாம்பேயுடன் நடந்த போர், கடற்கொள்ளையரை ஒழித்த செயலாகக் குறிக்கப்படுகிறது.

அந்தப் பகுதியில் வரும் ஒரு வாக்கியத்தை இன்றும் என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. எசமானர்களிடமிருந்து ஓடிவந்து ஆயுதம் எடுத்த ஏறக்குறைய 30,000 அடிமைகளைப் பிடித்து, தண்டனைக்காக அவரவர் எசமானர்களிடமே ஒப்படைத்ததாக அகஸ்டஸ் அதில் சொல்கிறார். அவர் இதை மறைக்கவில்லை, பெருமையாகவே பதிந்திருக்கிறார். அவர் யாரை நோக்கிப் பேசினாரோ அவர்களுக்கு அது பெருமையாகவே பட்டிருக்க வேண்டும் என்று என் வகுப்புத் தோழி ஒருத்தி சொன்னாள். சாசனத்தின் வாசகர்கள் யார் என்ற கேள்வி எங்களுக்குள் எழுந்தது அவள் சொன்ன பிறகுதான். அந்த முப்பதாயிரம் பேரில் ஒருவருடைய குரலும் நம்மிடம் வந்து சேரவில்லை.

எங்கள் தேர்வில் வழக்கமாக வரும் கேள்வி, அகஸ்டஸின் ஆட்சியை ஏன் பொற்காலம் என்கிறோம் என்பது. அதற்கு வேண்டிய எண்களைச் சாசனமே தருகிறது: ஒரே ஆண்டில் 82 கோயில்களைச் செப்பனிட்டது, சீசரின் உயிலின்படி ரோம் நகர மக்களுக்குத் தலைக்கு 300 செஸ்டர்ஸ் காசுகள் கொடுத்தது, கி.பி. 14இல் எடுத்த கணக்கெடுப்பில் 49,37,000 குடிமக்கள் இருந்தது. இவற்றை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். அவை பயனற்ற தகவல்கள் என்று நான் கருதவில்லை. பல பத்தாண்டுகள் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த சமூகத்துக்கு அமைதி கிடைத்தது உண்மை. டாசிட்டஸ் காட்டும் முதல் தரப்பினரும் அதையே சொல்கிறார்கள். ஆனால் அமைதிக்குக் கொடுத்த விலையையும் சேர்த்து எழுதாத விடையை முழுமையான விடையாக என்னால் ஏற்க முடியவில்லை.

குடியரசைச் செனட்டிடமும் மக்களிடமும் திருப்பி ஒப்படைத்துவிட்டதாகவும், அதன் பின் பதவியின் அதிகாரத்தில் உடன் பதவி வகித்தோரைவிடத் தமக்கு எதுவும் கூடுதலாக இல்லை என்றும், செல்வாக்கில் மட்டுமே எல்லோரையும் விஞ்சியதாகவும் அகஸ்டஸ் இறுதிப் பகுதிகளில் எழுதுகிறார். அந்த வரிக்கு அருகில் வைத்துப் பார்க்க, அவருடைய வெள்ளிக்காசு ஒன்றின் பெரிதாக்கிய படத்தைப் பேராசிரியை திரையில் காட்டினார். ஒரு பக்கம் இலைமுடி சூடிய அவரது தலை. சுற்றிலும், அவர் தெய்வமாகிவிட்ட சீசரின் மகன், நாட்டின் தந்தை என்று பொருள்படும் எழுத்துகள். மறுபக்கம் கேடயமும் ஈட்டியும் ஏந்தி நேராக நிற்கும் இரண்டு இளைஞர்கள். அவர்கள் மகள் வழிப் பேரன்களான கயஸும் லூசியஸும். அகஸ்டஸ் அவர்களைத் தம் மகன்களாகத் தத்தெடுத்திருந்தார். கான்சல் பதவிக்கு அவர்கள் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருப்பதைக் காசின் எழுத்துகளே சொல்கின்றன. மக்களிடம் ஆட்சியைத் திருப்பித் தந்தவர் அடுத்த வாரிசுகளைக் காசில் அடித்து நாடெங்கும் அனுப்பியது ஏன் என்று கேட்டபோது வகுப்பில் யாரும் விடை சொல்ல முந்தவில்லை. விடை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. லூசியஸ் கி.பி. 2லும் கயஸ் கி.பி. 4லும் இறந்துபோக, ஆட்சி அகஸ்டஸ் பின்னர் தத்தெடுத்த டைபீரியஸுக்குச் சென்றது.

அந்த வகைக் காசுகள் தென்னிந்தியாவில் பெருமளவில் கிடைத்திருக்கின்றன. கொங்குப் பகுதியில் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோரின் வெள்ளிக்காசுகள் புதையலாகவே கிடைத்துள்ளன. மிளகு வாங்க வந்த வணிகர்களின் கையோடு அந்த இரண்டு இளைஞர்களின் உருவமும் இங்கே வந்து சேர்ந்தது. அகஸ்டஸிடம் இந்திய மன்னர்களின் தூதர்கள் அடிக்கடி வந்தார்கள் என்றும், அதற்கு முன் எந்த ரோமானியத் தளபதியும் அப்படிக் கண்டதில்லை என்றும் சாசனம் சொல்கிறது. அகஸ்டஸின் காலத்திலேயே வாழ்ந்த கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ, பாண்டியன் என்று கொள்ளத்தக்க ஒரு மன்னனின் பெயரைக் குறித்து, அவனோ வேறு சிலர் சொல்வதுபோல் போரஸ் என்பவனோ அகஸ்டஸுக்குப் பரிசுகள் அனுப்பியதாக எழுதுகிறார். எங்களில் பலருக்கு இதைக் கேட்டதும் பெருமிதம் பொங்கியது. ஸ்ட்ராபோவே இரண்டு பெயர்களைத் தந்து உறுதி சொல்லாமல் விட்டிருப்பதையும், தூதுவர் வருகையைத் தம் புகழின் கணக்கில் சேர்த்துக்கொள்வது அகஸ்டஸுக்குத் தேவையாக இருந்ததையும் பேராசிரியை அப்போதும் நினைவூட்டினார். அகஸ்டஸிடம் கேட்ட கேள்விகளை நமக்குப் பிடித்த செய்தியிடமும் கேட்டே ஆக வேண்டும் என்பதில் அவர் துளியும் தளரவில்லை. அதற்காக அவர்மீது எனக்கு அளவற்ற மதிப்பு உண்டு.

அகஸ்டஸுக்குப் பின் வந்த பேரரசர்களை நாங்கள் விரைவாகவே முடித்தோம். பருவத்தின் இறுதியில் நேரம் போதவில்லை, ஐந்து நூற்றாண்டுகள் பெயர்களாகவும் ஆண்டுகளாகவும் சுருங்கிவிட்டன. அது ஒரு குறைதான். ஆனால் எல்லாவற்றையும் சமமாகத் தொட்டுச் செல்லும் பாடத்திட்டத்தைவிட, ஓரிடத்தில் ஆழ ஊன்றி நின்று மற்றவற்றை மாணவர் தாமே படித்துக்கொள்ள விடுவது மேல் என்பது என் கருத்து.

நீங்கள் இந்தத் தாளை எடுக்கப்போகிறவராக இருந்தால், பாடநூலில் அகஸ்டஸ் அத்தியாயத்துக்குப் போகும் முன் அந்தச் சாசனத்தை ஒருமுறை முழுதாக வாசித்துவிடுங்கள். பெயர் குறிப்பிடாமல் அவர் சுட்டும் ஒவ்வொரு மனிதருக்கும் நேரே ஓரத்தில் அந்தப் பெயரை எழுதுங்கள். அதன் பிறகு டாசிட்டஸின் அந்த இரண்டு தரப்புகளைப் படியுங்கள். தேர்வுக்கான குறிப்புகளை அதற்குப் பின் எடுத்தால் போதும்.